கோடை விடுமுறையில் கொட்டும் பாட்டும்
மைசூர் ரங்காயணத்தின் 'சிண்ணர மேள'

ஏப்ரல் 10ஆம் தேதி வாக்கில் கர்நாடகத்தில் பள்ளிக்கூடங்களைச் சாத்திவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு அன்றிலிருந்து திண்டாட்டம். பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது?

மைசூர் அசோகபுரத்தில் ரயில்வே ஒர்க் ஷாப்பை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். கணவர் பெயிண்டர். மனைவி ஊதுபத்திக் கம்பெனியில் உறையிடும் வேலை பார்க்கிறார். கையால் பத்தி உருட்டும் வேலை பெரும்பாலும் எந்திரத்துக்குப் போய்விட்டதால் இப்போது உறையிடுவதுதான் மிச்சம். எண்ணிக்கைக்குக் கூலி. ஒரு மணி நேரம் எழுந்து வீட்டுக்கு வந்தால் ஒரு மணி நேரக் கூலி போயிற்று. மூத்தவள் பத்து வயதுப் பெண், இளையவன் ஐந்து வயதுப் பையன்.

முந்தைய கோடையில் இரண்டு பேரையும் வீட்டுக்குள் விட்டு, வெளியே பூட்டைப் போட்டு, சாவியைப் பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாளிடம் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். உள்ளே செல்போனும் ஒரு குண்டான் சோறும். ஒரு மாதம் அப்படியே கழிந்தது. இது அந்த ஒரு வீட்டுக் கதை அல்ல. பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் எத்தனையோ வீட்டு வாசலில் ஏப்ரல் மாதத்தில் இந்தப் பூட்டைக் காணலாம்.

ஊருக்கு அனுப்பினால் என்ன?

"ஊருக்கு அனுப்ப வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது சுலபம். கர்நாடகத்தில் விடுமுறை தொடங்கும்போது தமிழ்நாட்டில் பரீட்சை நடந்துகொண்டிருக்கும். ஊருக்குப் போகிற பிள்ளைக்கு அங்கே விளையாட ஆள் கிடையாது. அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் ஏப்ரல் பிற்பகுதியில்தான் பையைத் தூக்கிப் போடுவார்கள். அவர்கள் ஜூனில் பள்ளிக்குப் போகுமுன்பே, மே கடைசியில் இங்கே மணி அடித்துவிடும். இரண்டு விடுமுறையும் சேர்ந்து வருவது மே மாதம் ஒன்றில்தான்.

அந்த மே மாதத்துக்கு ரயிலில் இடம் கிடைப்பது தனிப் பாடு. முன்பு 120 நாட்களுக்கு முன்னரே ரிசர்வ் செய்யலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாட்களாகிவிட்டது. மே தொடக்கத்தில் போக வேண்டுமானால் மார்ச் தொடக்கத்திலேயே டிக்கெட் எடுத்துவிட வேண்டும். ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு நிரம்பாத பிள்ளைக்கு அரை டிக்கெட் என்பது தனிப் படுக்கை கேட்காதவரைதான். படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். இது 2016 முதல் உள்ள விதி. இது தெரியாமல் கவுன்ட்டரில் வாக்குவாதம் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆக ஏப்ரல் பாதியும் மே முதல் வாரமும் பிள்ளைகள் நகரத்தில்தான் இருந்தாக வேண்டும். மைசூரில் அந்த நாட்களை நிரப்புவதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது.

காரந்த் தொடங்கிய இடம்

ஹுன்சூர் சாலையில் கலாமந்திர் வளாகத்தில் உள்ளது ரங்காயணம். கர்நாடக அரசின் இந்த நாடக நிறுவனம் 1989இல் தொடங்கப்பட்டது. முதல் இயக்குநர் பி.வி.காரந்த். தென்கன்னட மாவட்டத்தில் 1929இல் பிறந்த காரந்த், சிறு வயதிலேயே வீட்டை விட்டு ஓடி குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். பின்னர் காசியில் படித்தார். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்றார். டெல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக் கொடுத்தார். கம்பெனி நாடகத்தில் பாலபாடம் கற்றதாலோ என்னவோ, பாட்டு இல்லாத நாடகம் அவருக்கு ருசிக்கவில்லை. கையில் அகப்பட்ட எந்தப் பொருளிலும் ஓசை இருக்கிறது என்பது அவர் கட்சி. 2002இல் காலமானார்.

அவருடைய மனைவி பிரேமா காரந்த் பெங்களூரில் குழந்தைகள் நாடகத்துக்கென்றே உழைத்தவர். கன்னடத்தில் படம் இயக்கிய முதல் பெண்மணி என்ற பெயரும் அவருக்கு உண்டு. அந்தத் தம்பதியின் வழிவந்த பழக்கம்தான் குழந்தைகளை மேடைக்கு அழைப்பது. ரங்காயணம் கோடையில் நடத்தும் சிறுவர் முகாமுக்குச் 'சிண்ணர மேள' என்று பெயர். சிண்ணர் என்றால் கன்னடத்தில் சின்னப் பிள்ளைகள். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பகல் முகாம் இது. ஏறத்தாழ ஒரு மாதம் நடக்கும். பிள்ளைகளைக் குழு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் நாடகக் கலைஞர்களிடம் ஒப்படைக்கிறார்கள். நாட்டுப்புறப் பாட்டு, ஆட்டம், முகமூடி செய்தல், களிமண் வேலை, சித்திரம் எல்லாம் உண்டு. முடிவில் ஒவ்வொரு குழுவும் ஒரு நாடகம் போட வேண்டும்.

தனியார் நடத்தும் கோடை வகுப்புகளோடு ஒப்பிட்டால் கட்டணம் குறைவு. ஆனால் இடங்கள் அளவுதான். விண்ணப்பம் கொடுக்கும் நாளில் பெற்றோர் விடியற்காலையிலேயே வரிசையில் வந்து நிற்பார்கள். 2025 கோடையில் அந்த வரிசையில் அசோகபுரத்துப் பெயிண்டரும் நின்றார். கட்டணம் அவருக்குச் சில நாள் கூலி. அன்றைய கூலியும் சேர்த்துப் போயிற்று.

மனைவியின் தூண்டுதல் இல்லாவிட்டால் அவர் நின்றிருக்க மாட்டார். "ஏங்க, டியூசனுக்குக் கொடுக்குறத இதுக்குக் கொடுப்போம். பூட்டிப் போட்டுட்டுப் போனா எனக்கு அங்க கை ஓட மாட்டேங்குது" என்றாராம். ஐந்து வயதுப் பையனுக்கு முகாமில் சேரும் வயது வரவில்லை. அவன் பக்கத்து வீட்டு அம்மாள் பொறுப்பில்.

தசராவில் பார்த்தது கைக்கு வந்தது

மைசூரில் வளரும் பிள்ளைகளுக்கு நாட்டுப்புறக் கலைகள் புதியன அல்ல. விஜயதசமி ஊர்வலத்தில் யானைக்கு முன்னால் கம்சாளைக்காரர்களும் டொள்ளு அடிப்பவர்களும் வீரகாசை ஆட்டக்காரர்களும் வருவதை அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான். ஆனால் போலீஸ் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பது வேறு, கையில் எடுத்து அடிப்பது வேறு.

கம்சாளை என்பது வெண்கலத் தாளம். இடது கையில் கிண்ணம் போல் குழிந்த ஒன்று. வலது கையில் கயிறு கட்டிய தட்டையான வட்டு. கயிற்றைப் பிடித்து வட்டைச் சுழற்றி வீசிக் கிண்ணத்தில் அடிக்க வேண்டும். வீசும்போது உடம்பும் கூடவே சுழலும். ஒருவர் வட்டு அடுத்தவர் கிண்ணத்தில் பட்டுத் திரும்புகிற கட்டமும் உண்டு. தப்பினால் நெற்றியில் படும். மலை மாதேஸ்வரரைப் பாடும் 'தேவர குட்டர்' என்ற அடியார்களின் கலை இது. மாதேஸ்வரன் மலை நம்மவர்களுக்கும் அந்நியம் இல்லை. ஈரோடு, சேலம், தருமபுரிப் பக்கத்து ஜனங்கள் எத்தனை தலைமுறையாக அந்த மலைக்கு நடந்தும் வண்டி கட்டியும் போகிறார்கள்! மாநில எல்லை பிற்பாடு வந்தது.

டொள்ளு பெரிய மேளம். ஆடு மேய்க்கும் குருபர் சமூகத்தார் தங்கள் தெய்வமான பீரேஸ்வரருக்கு அடிப்பது. தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் குச்சியாலும் மறுபக்கம் உள்ளங்கையாலும் அடித்துக்கொண்டே குதித்து ஆட வேண்டும். பத்து வயதுப் பிள்ளை அதை மாட்டினால் மேளம்தான் தெரியும், பிள்ளை தெரியாது. அதனால் சிறுவர்களுக்கு மேளத்தைத் தரையில் வைத்தே கற்றுக் கொடுப்பார்கள். முதலில் வாயால் சொற்கட்டு, அப்புறம் தொடையில் தட்டு, அதன் பிறகுதான் தோல். அசோகபுரத்துப் பெண் மூன்று நாட்கள் தொடையிலேயே தட்டிக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் குச்சி கைக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் எவர்சில்வர் குண்டான், அதன் மூடி, பிளாஸ்டிக் குடம் எதுவும் தப்பவில்லை. தம்பி இரண்டு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து ஒன்றில் சணல் கயிற்றைக் கட்டிக்கொண்டான். அதுதான் அவன் கம்சாளை.

"தப்பு அடிக்கவா அனுப்பினேன்?"

சத்தம் கேட்டு அப்பாவுக்கு முதலில் வந்தது கோபம். "காசு கட்டி அனுப்பினது தப்பு அடிக்கக் கத்துக்கவா?" என்று கேட்டார்.

சத்தத்துக்காக மட்டும் வந்த கோபம் அல்ல அது. அவருடைய ஊரில் சாவுக்குக் கொட்டு அடிப்பவர்கள் ஊருக்கு வெளியே குடியிருந்தார்கள். அந்தத் தோலை மற்றவர் வீட்டுப் பிள்ளை தொட்டால் முதுகில் அடி விழும். ஊரை விட்டு வந்து இருபது வருஷமானாலும், எந்தக் கருவியை எவர் தொடலாம் என்ற கணக்கு மட்டும் மூட்டை முடிச்சோடு கூடவே வந்துவிடுகிறது. நம்மவர்களில் பலர் வீட்டில் இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

முகாமில் அந்தக் கணக்கு எடுபடாது. வரிசையில் முதலில் வந்தவருக்கு மேளம் முதலில். வக்கீல் வீட்டுப் பையனும் துப்புரவுத் தொழிலாளியின் மகளும் ஒரே தோலின் இரண்டு பக்கத்தில் அடிக்க வேண்டியதுதான்.

மனைவி சண்டை போடவில்லை. அந்த ஆண்டு ஜனவரியில் செல்போனில் வந்த செய்தியை ஞாபகப்படுத்தினார். மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறை ஆசான் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதே பட்டியலில் கர்நாடகத்தின் கொப்பள் பகுதியைச் சேர்ந்த தோல்பாவைக் கலைஞர் பீமவ்வா என்ற முதிய பெண்மணியும் இருந்தார். திண்டுக்கல்லிலேயே சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி மேடையேறி எத்தனையோ வருஷமாயிற்று. "நம்ம ஊர்ப் பொம்பளைங்களே அடிக்கிறாங்க, இவ அடிச்சா என்ன?" என்று மனைவி கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் வளாகத்தில் விட்டார். மனம் மாறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. தடுக்கவில்லை.

வீட்டிலிருந்து ஒரு பாட்டு

இரண்டாம் வாரத்தில் பிள்ளைகளுக்கு வீட்டு வேலை ஒன்று கொடுத்தார்கள். அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு ஆளுக்கொரு பாட்டு கொண்டு வர வேண்டும். சினிமாப் பாட்டு கூடாது. புத்தகத்தில் இருப்பதும் கூடாது. கன்னடத்துப் பிள்ளைகள் சோபானப் பாட்டும் தாலாட்டும் கொண்டுவந்தார்கள். மாவு அரைக்கும்போது பாடும் திரிகைப் பாட்டுக் கொண்டுவந்த பிள்ளையும் உண்டு, திரிகையைக் கண்ணால் பார்த்திராமலே.

"எனக்கு என்ன பாட்டுத் தெரியும்?" என்று அம்மா முதலில் தட்டிக் கழித்தார். தெரியாமல் இல்லை. கல்யாணத்துக்கு முன் நாற்று நட்டவர். முளைப்பாரிக்குக் கும்மி கொட்டியவர். சாவு வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து ஒப்பாரி வைத்தவர். மைசூருக்கு வந்த பிறகு வாயைத் திறக்கவில்லை. ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். வேற்று மொழிக்காரர் நடுவில் நடவுப் பாட்டுப் பாடினால் பைத்தியம் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். பிழைக்க வந்த இடத்தில் சத்தம் போடாமல் இருப்பதே நாகரிகம் என்று பழகிவிட்டவர்கள் நம் பெண்கள்.

ஒரு ராத்திரி கரண்ட் போயிற்று. காற்றுக்காக வாசலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தபோது மகள் மறுபடியும் கேட்டாள். மெல்லிய குரலில் ஆரம்பித்தார். மழையை அழைக்கிற நடவுப் பாட்டு. இரண்டு அடி பாடி நிறுத்தி யோசித்து, மறுபடி முதலிலிருந்து பாடினார். கணவர் பீடியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பாட்டு அவளுக்குத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆட்சேபணை எதுவும் வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் நாற்காலியைத்தான் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

மகள் நோட்டில் எழுதினாள். கன்னட எழுத்தில் எழுதினாள். அவளுக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுதத் தெரியாது. பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும்தான். 'மழை' என்ற சொல் வந்தபோது தடுமாறினாள். ழகரத்துக்கு இன்றைய கன்னடத்தில் எழுத்து இல்லை. பழங்கன்னடத்தில் இருந்தது வழக்கொழிந்துவிட்டது. ளகரத்தைப் போட்டு எழுதினாள். எழுதிப் பார்த்தால் 'மளெ'. கன்னடத்திலும் மழைக்கு அதுதான் சொல்! "அம்மா, இது கன்னடப் பாட்டா?" என்று கேட்டாள். தாய்க்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் முகம் சற்று வாடிற்று.

மறுநாள் முகாமில் காலை வட்டத்தில் அவள் பாடினாள். சொல்லிக் கொடுத்த கலைஞர் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். மூன்று நாட்கள் தொடர்ந்து எல்லாப் பிள்ளைகளும் அதைப் பாடி நடந்தார்கள். பொருளைக் கேட்டவர்களுக்கு அவளே கன்னடத்தில் சொன்னாள்.

நாடகத்தன்று

முடிவு விழாவில் அந்தப் பாட்டு இடம்பெறவில்லை. நாடகத்தின் கதைக்கு அது பொருந்தவில்லை. காட்டு மிருகங்களின் கதை. அவளுக்கு மரமாக நிற்கும் வேஷம். மரம் இரண்டு தடவை டொள்ளு அடிக்கலாம். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்த அம்மா, நாடகம் முடிந்ததும், "நம்ம பாட்டு வரலையே?" என்று கேட்டார். "மூணு நாள் பாடுனாங்கள்ல, போதாதா?" என்றார் கணவர். மரம் அடித்த இரண்டு அடியையும் அவர் செல்போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார். பெயிண்ட் கடையில் நாலு பேருக்குக் காட்டியதாகவும் தெரிகிறது.

பெங்களூரில் இருப்பவர்கள் கப்பன் பூங்காவில் உள்ள ஜவகர் பால பவனில் விசாரிக்கலாம். கோடையில் அங்கும் சிறுவர் முகாம் நடப்பது வழக்கம். ஊருக்குப் போகிற பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறையைச் சேர்ந்த ஜவகர் சிறுவர் மன்றங்கள் மாவட்டங்களில் இயங்குகின்றன. ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை சேர்த்துக்கொள்கிறார்கள். மே மாதத்தில் கோடைகாலக் கலைப் பயிற்சி நடத்துகிறார்கள். டிக்கெட் எடுக்கும்போதே தேதியையும் விசாரித்து வைத்துக்கொண்டால், ஊரில் வெயிலில் அலையும் பிள்ளைக்குச் சில நாளாவது கலை கிடைக்கும். இந்தத் தகவல் நம்மவர்களில் பலருக்கு எட்டுவதில்லை.

அசோகபுரத்துக் குடும்பம் மே மத்தியில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் புறப்பட்டது. மாலையில் மைசூரில் ஏறினால் விடியும் வேளையில் திண்டுக்கல். பையன் சிரட்டைக் கம்சாளையை விடமாட்டேன் என்று கையிலேயே வைத்துக்கொண்டான். மகள் நோட்டை எடுத்துக்கொண்டாள்.

ஊரில் அம்மாச்சிக்குப் பேத்தி பாடிக் காட்டினாள். கிழவி பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். மகள் நடுவில் இரண்டு அடியை விட்டுவிட்டாள் என்று கண்டுபிடித்து, அதைத் தாமே பாடினார். மாமன் மகன் ஏழாம் வகுப்பு. கன்னட எழுத்து இருந்த பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில், அம்மாச்சி சொல்லச் சொல்ல, தமிழில் எழுதினான். பக்கத்தில் உட்கார்ந்து ழகரத்தை எப்படிச் சுழிப்பது என்று அவள் பார்த்துக்கொண்டாள். கடைசி அடியில் ஒரு சொல் அம்மாச்சிக்கும் வரவில்லை. அந்த வயதுக்காரர் ஊரில் வேறு இரண்டு பேர்தான் உண்டு. ஒருவருக்குக் காது கேட்காது, மற்றவர் மகள் வீட்டுக்குத் திருப்பூர் போயிருந்தார். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு விட்டிருக்கிறார்கள்.